இவ்விடம் அனைவரும் சுகம்

என்னிடமிருந்து கடிதம் வாங்குகிற உறவுக்காரர்களுக்கு என் மேல் ஒரு வருத்தம் உண்டு. "எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காது. எடுத்ததுமே விசயந்தான். தந்தி அடிக்கிற மாதிரி எழுதும்" என்று என் நாத்தனார் மகள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசி அறியாதவள். ஏன் அப்படி எழுதுகிறேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேச வராதது எழுத வருகிறதா பார்க்கிறேன்.

நான் வளர்ந்தது பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். செங்கல் சூளைகளுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. நாலாவதில் வாத்தியார் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார். வலது மூலையில் ஊரும் தேதியும். அதற்குக் கீழே பெரியவர்களுக்கு நமஸ்காரம். அதற்கும் கீழே, "கடவுள் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்." மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தாலும் அந்த வரி முதலில் வந்தாக வேண்டும். கெட்ட சேதியோடு தொடங்குவது சாவுக் கடிதம் ஒன்றுதான். அதற்கு மூலையில் கரி தடவுவார்கள், படித்த கையோடு கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள், "அத்தைக்குக் கால் ஒடிந்துவிட்டது" என்று தொடங்கி எழுதிவிட்டாள். வாத்தியார் அவள் சிலேட்டை வாங்கித் துடைத்துவிட்டு, "யாரைச் சாகடிக்கப் பாக்குற நீ?" என்றார். எனக்கு அது மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

கல்யாணம் ஆகிக் கிள்ளானுக்கு வெளியே ஒரு கித்தா தோட்டத்துக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, போனேன். என் வீட்டுக்காரர் அங்கே மேட்டுப் பிரிவில் மண்டோர். மரம் வெட்டுகிறவர்களை, அதாவது பாலுக்குப் பட்டை சீவுகிறவர்களை, கூட்டிப்போய் வேலை வாங்குகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த வரிசையில் எந்த மரம் பால் வற்றிப்போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்கு எழுத்துத் தெரியும் என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், பரவியதும் ஊருக்குக் கடிதம் எழுதப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு எழுத வராது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், அவர்கள் என் முதுகிடம் சொல்வார்கள். எல்லாக் கடிதத்துக்கும் முதல் வரி ஒன்றுதான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் கடிதத்திலும் இவ்விடம் அனைவரும் சுகம்தான்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து அது தவழ ஆரம்பித்த சமயம் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். வந்ததும் ஒரு புதுச் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மண்டோரும் தன் பிரிவைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும், ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி அதை இங்கிலீஷில் ஆக்கி, துரை பார்த்து, சீமைக்கு அனுப்புவாராம்.

"கம்பெனி போர்டுக்குப் போவுதாம் நீ எழுதப்போறது" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

"போர்டுக்கா? கடை வாசல்ல பேர் எழுதித் தொங்குமே, அந்தப் பலகையா?"

அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "பலகை இல்ல புள்ள. சீமையில பெரிய பெரிய ஆளுங்க மேசையச் சுத்தி ஒக்காந்திருப்பாங்களாம். அவங்களுக்குத்தான் போர்டுன்னு பேரு. அவங்க தலைய ஆட்டினாத்தான் இங்க ஒரு ஆணி அடிக்க முடியும்."

"அவங்க இந்தத் தோட்டத்தப் பாத்திருக்காங்களா?"

"வந்தா கொசு கடிக்காதா?"

பார்க்காத ஆட்களுக்குப் பார்த்த மாதிரி எழுத வேண்டும். அதுதான் வேலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நல்ல கையெழுத்தும் மரியாதையும் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் லயத்துக்கு ஒரே கிணறு. அது பள்ளத்தில் இருந்தது. அந்த வருஷம் மேட்டில் கக்கூசுக் குழிகளைப் புதிதாக வெட்டியிருந்தார்கள். மழை அடித்தால் அங்கேயிருந்து ஊறி வருவது கிணற்றில் இறங்கும். தண்ணீர் பழுப்பாக வரும், மூக்கருகே கொண்டுபோக முடியாது. பிள்ளைகளுக்கு வயிற்றுப் போக்கு. ரிப்போர்ட்டு கொடுக்க வேண்டிய அந்த மாதத்திலேயே இரண்டு சின்ன உசிர்களைத் தோட்டத்து இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். சடக்குக்கு, பெரிய ரோட்டுக்கு, அந்தப் பக்கம் இருந்த ஓடையிலிருந்து குழாய் போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். குழாய்க்குப் போர்டு தலையாட்ட வேண்டும்.

முதல் ரிப்போர்ட்டு எழுத விளக்கடியில் உட்கார்ந்தேன். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எடுத்ததும் கெணத்தப் போடு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அப்படி எழுதக்கூடாதுங்க."

"ஏன்?"

"சாவு ஓல மாதிரி இருக்கும். முதல்ல சொகந்தான் எழுதணும். வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. எடுத்த எடுப்புல நாத்தத்தப் பத்தி எழுதினா அவ்வளவு பெரியவங்க என்ன நெனப்பாங்க?"

"எனக்கென்னத்தத் தெரியும். நீ படிச்சவ" என்றார்.

என் ஆயுசில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசி ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

"மகா கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கி, இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதி, மழை, மரம், பால், களை, புதுக் கன்று, ஆள் வருகை எல்லாம் வரிசையாக எழுதி, தாளின் அடியில், இடம் போதாமல் எழுத்தைச் சிறியதாக்கி, கிணற்றுத் தண்ணீரைத் துரையவர்கள் திருவுளம் கொண்டு கவனிக்க வேண்டும் என்று முடித்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு அழகாக வந்திருந்தது.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். அவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். "'மண்டோர், ஆர் இது எழுதினது? முத்து முத்தாயிருக்கு'ன்னு கேட்டாரு. என் சம்சாரம்னேன். எந்திரிச்சே நின்னுட்டாரு!"

ஆற்றோரப் பிரிவு மண்டோர் எழுதிக் கொடுத்ததைக் கேட்டு அதே நாளில் தோட்டமே சிரித்தது. சவர்க்காரம் சுற்றி வந்த தாளில், பென்சிலால், கோழி கிளறின மாதிரி மூன்றே வரி. "கெணத்துல புழு. கொழாய் வேணும். இல்லன்னா ஆளு ஓடிப்போவும்." நமஸ்காரம் இல்லை, துரை என்ற வார்த்தைகூட இல்லை. "இவன் போர்டுக்கு எழுதினானா, பொஞ்சாதிக்கு எழுதினானா?" என்று பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில் கேலி செய்தார்கள். நானும் வீட்டுக்குள் இருந்தபடி சிரித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழித்துச் சீமையிலிருந்து பதில் வந்தது. விடியற்காலையில் ஆள் பிரித்து விடுகிற பெரட்டில் வைத்துக் கிராணி அதைத் தமிழில் சொன்னாராம். ஆற்றோரப் பிரிவுக்கு உடனே குழாய். மேட்டுப் பிரிவில் அனைவரும் சுகமாக இருப்பது குறித்து போர்டுக்கு மிகவும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் கிராணியிடம் போய்க் கேட்டிருக்கிறார். கிராணி மறைக்காமல் சொன்னாராம். "என்ர கைக்கு எட்டுத் தாள் வருது, மண்டோர். எட்டையும் அப்படியே அனுப்பினா ஆர் வாசிப்பினம்? ஒவ்வொண்டிலயும் தலையில இருக்கிறதை எடுத்து ஒரே பக்கத்தில போடுறன். துரை அதை மட்டுந்தான் பாப்பார். போர்டும் அதை மட்டுந்தான் பாக்கும். உம்மட தாளில அனைவரும் சுகமெண்டு இருந்தது. நான் அதைத்தான் போட்டனான். மற்றவன்ர தாளில புழு எண்டு இருந்தது."

அந்தப் பென்சில் வரிகளை அதற்கப்புறம் எத்தனையோ தடவை மனதுக்குள் வாசித்துப் பார்த்திருக்கிறேன். என்ன கெட்டது, என்ன வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும். அதற்கு மேல் ஒரு பெரிய மனிதருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஆள் ஓடிப்போனால் பால் வராது, அது போர்டுக்குப் புரியும். அந்தக் கோழிக் கிறுக்கலுக்கு அந்தப் புத்தி இருந்தது. நாலாவது படித்த எனக்கு இல்லை.

இதற்குள் எங்கள் பிள்ளைக்கும் வயிற்றுப் போக்கு வந்துவிட்டது. நானும் மரம் வெட்டப் போகிறவள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பேன். கொட்டகையில் கிணற்றுத் தண்ணீர். பக்கத்துக் கிராமத்தில், கம்பம் என்பார்கள், ஒரு மலாய்க்கார அம்மாள் தன் கிணற்றில் ஒரு குடம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேலை முடிந்து, சடக்கைத் தாண்டி, அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவேன். ஒரு குடத்தை என்ன செய்வது? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வெள்ளைத் தூள் கொடுத்தார். நிற்கும், பிறகு மறுபடியும் போகும். நடக்க ஆரம்பித்திருந்த பிள்ளை மறுபடி உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ரிப்போர்ட்டை அவர் சொல்வதற்கு முன்னாலேயே எழுதினேன். தேதிக்குக் கீழே, நேராக: "மேட்டுப் பிரிவில் யாரும் சுகமில்லை. கிணற்றில் கக்கூசுத் தண்ணீர் கலக்கிறது. குழாய் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் இருக்காது, ஆளும் இருக்காது." கரி தடவிய கடிதம் மாதிரிதான் இருந்தது. இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினேன். இந்தத் தடவை முதல் வரி சரி. இந்தத் தடவை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். கப்பல் போய், அவர்கள் கூடி, கப்பல் திரும்பி வருகிற வரைக்கும் பிள்ளையை இழுத்துப் பிடித்து வைத்திருந்தால் போதும். அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. காலையில் எழுந்ததும் அது மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன். இன்னும் ஒரு நாள் கப்பல் கிட்டே வந்திருக்கும் என்று சொல்லிக்கொள்வேன்.

பதில் வந்தது. அதோடு துரையே எங்கள் லயத்துக்கு வந்தார், கிராணியைக் கூட்டிக்கொண்டு. ஒரு பகல் நேரம், வேலை முடிந்து வந்திருந்தோம். வயசு குறைந்த துரை, வெயிலில் முகம் சிவந்திருந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசலில் நின்றார். மற்றக் கையில் நான் எழுதிய இரண்டு தாளும் இருந்தன.

கிராணி சொன்னார். "போர்டு கேட்டு எழுதியிருக்கு. முதல் தாளில எல்லாரும் சுகம். அடுத்த தாளில ஆரும் சுகமில்லை. இந்த ரெண்டில எது பொய்யெண்டு துரை கேக்கிறார். எழுதின ஆளையே கேக்க வேணுமாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். பிள்ளை என் இடுப்பில் இருந்தது. கழுத்து நிற்காமல் என் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் எனக்காகப் பதில் சொன்னார். "ரெண்டும் பொய்யில்லீங்க ஐயா. முதல் தாள்ல சொகம்னு இருக்கே, அது சும்மா எழுதுறது."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் இன்னும் சிவந்தது. என்னவோ கேட்டார்.

"'சும்மாவா?' எண்டு கேக்கிறார்" என்றார் கிராணி. "சும்மா எழுதினதெண்டால், இதில வேற எதெல்லாம் சும்மாவாம்? பாலும் சும்மாவா? கிணறும் சும்மாவா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க. கடுதாசின்னா அப்படித்தானே எழுதுவாங்க. நீங்களும் ஊருக்கு அப்படித்தானே எழுதுவீங்க, சொல்லுங்க ஐயா தொரைகிட்ட!"

கிராணிக்குத் தெரியும். அவரும் தன் வீட்டுக்கு அதே வரியைத்தான் எழுதியிருப்பார். ஏதோ நீளமாக இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். துரை தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரே கையெழுத்து, ஒரே மை.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வாசலில்தான் நிற்கிறேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்து, இடுப்பில் இருந்ததைக் கையில் எடுத்து, அந்தத் தாள்களுக்கு மேலே நீட்டியிருந்தால் போதும். அதற்கு எந்தப் பாஷையும் வேண்டாம். நான் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். துரை பார்த்ததெல்லாம் தாள்களை. எனக்கு அவர் காலில் இருந்த பூட்ஸ்தான் தெரிந்தது. போய்விட்டார்கள்.

மேட்டுப் பிரிவு ரிப்போர்ட்டை நம்புவதற்கில்லை, இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று துரை போர்டுக்கு எழுதினாராம். கிராணி பிற்பாடு சொன்னது.

எங்கள் பிள்ளைக்கு மூன்று மாதம் தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள், விடிந்து பெரட்டு மணி அடிக்கிற நேரம், மூக்கருகே விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை.

குழாய் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அடுத்த வருஷம் ரப்பர் விலை விழுந்து பாதி ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மேட்டு லயத்தையே மூடிவிட்டார்கள். மிஞ்சியவர்களை ஆற்றோரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. நான் அதைத்தான் பிறகு நாலு வருஷம் குடித்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று மத்தியானம், அப்பாவுக்குச் சேதி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது, பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ச் சொல்ல வேறு ஆளில்லை. "ஒரு வரி எழுதிடு புள்ள, கிள்ளான் போற லோரியில குடுத்துத் தபால்ல போடச் சொல்றேன்" என்றார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கரி எடுத்துத் தடவ மனம் வரவில்லை. தடவினால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது. என்ன எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதி, மடித்து, ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் ஆயிற்று. அப்பா வரவில்லை. நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தார். துக்கத்துக்கு வருகிற மாதிரி வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கிள்ளான் பாசாரில் வாங்கின ஒரு சிவப்புக் கிலுகிலுப்பை. லயத்துக் கோடியிலிருந்தே அதை ஆட்டிக்கொண்டு வந்தார்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்தான் வாசித்துச் சொல்வார். இருவரும் பட்டறைக்கு ஓடுகிற அவசரத்தில் அவர் முதல் வரியை மட்டும் வாசித்திருக்கிறார். "எல்லாரும் சொகந்தானாம்" என்றிருக்கிறார். "சொகந்தானே, அது போதும். மத்தத சாவகாசமா கேட்டுக்கிறேன்" என்று அப்பா கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அது பையிலேயே இருந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. கடவுள் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம். பிள்ளை போனது அதற்குக் கீழே மூன்றாவது வரியில் இருந்தது. என் கை எழுதியதுதான்.

"எங்க என் ராசாத்தி?" என்றார் அப்பா, என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி. "தூங்குறாளா?" கிலுகிலுப்பையை இன்னொரு தடவை ஆட்டினார்.

அன்றைக்கு எனக்காகப் பதில் சொல்ல என் வீட்டுக்காரராலும் முடியவில்லை. எடுத்ததுமே, பிள்ளை போய்விட்டது என்று, முதல் வரியை நான்தான் வாயால் சொன்னேன்.